அரசர் அவைக்குள் வந்த ஜனவரி

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்தின் பக்குரங்காவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "அன்ரி, வேலையில நீங்கள் விட்ட பெரிய பிழை எது?" நான் வடைத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் போன பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாயால் சொல்லியிருந்தால் பாதியை எனக்குச் சாதகமாகத் திரித்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்தது 1984இல். ஊரில் வரலாற்று ஆசிரியை. இங்கே முதல் ஒன்றரை வருடம் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். பிறகு நகர நடுவில் இருந்த ஒரு நூலகத்தில், பழைய நூல்கள் பிரிவில், பட்டியல் அட்டை எழுதும் வேலை கிடைத்தது. பெட்டிக்கு ஒட்டியதைப் புத்தகத்துக்கு ஒட்டப் போகிறாய் என்று என் கணவர் சிரித்தார். பிரிவின் பொறுப்பாளர் என்னைவிட ஆறு வயது இளையவர், இந்த நாட்டிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண். அதிகம் பேச மாட்டார். கேள்விகள்தான் கேட்பார். அந்தக் கேள்விகள் வீட்டுக்கு வந்த பிறகும் நம்மை விடாது.

1987இல் அவர் என்னிடம் ஒரு தடித்த தோல் கட்டுத் தொகுதியைக் கொடுத்தார். உள்ளே முப்பத்தொரு துண்டுப் பிரசுரங்கள். எல்லாம் பதினேழாம் நூற்றாண்டில், 1640களில், லண்டனில் அச்சானவை. இங்கிலாந்தில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் பிணக்கு முற்றிப் போராகி, கடைசியில் அரசரின் தலையே போன காலம் அது. வாளை உருவுவதற்கு முன்பே இரண்டு தரப்பும் அச்சகத்துக்கு ஓடியிருந்தன. ஒருவர் எட்டுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் மற்றவர் பத்துப் பக்கத்தில் பதில் அடித்தார். பாதிக்கு மேல் எழுதியவர் பெயரே இல்லை.

வேலை என்னவோ தலைப்பு, ஆண்டு, பக்க எண்ணிக்கை எழுதுவதுதான். ஆனால் என்னால் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு விஷயம் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. பாராளுமன்றம் அரசருக்கு எதிராகவே படை திரட்டியது. ஆனால் அரசருக்காகவும் பாராளுமன்றத்துக்காகவும் என்று சொல்லித்தான் திரட்டியது. நாற்காலியில் இருக்கும் மனிதர் வேறு, அரச முடி என்பது வேறு என்று நியாயம் சொன்னார்கள். எதிர்த்தரப்போ, இந்த ஆளை விட்டால் முடி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டது. மத்தியான சாப்பாட்டையும் மறந்து இந்தச் சண்டைக்குள் உட்கார்ந்திருப்பேன். ஆறு வாரத்தில் முப்பத்தொரு அட்டையும் முடிந்தன. அவை அட்டை அலமாரியின் இழுப்பறைகளில் ஆண்டு வரிசைப்படி போய்ச் சேர்ந்தன. எனக்கு ஒரே பெருமை.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். மெலிந்தவர். கசங்கிய கோட், ஆனால் இஸ்திரி போட்ட சட்டை. ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தவர், என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மேடம் தமிழா?"

"ஓம், யாழ்ப்பாணம். நீங்கள்?"

"பிஜி. ஸ்கூல்ல தமிழ் படிச்சேன். பேச வரும், கொஞ்சம் தடுக்கும்." தன் பெயர் கோவிந்தன் என்றார். பிறகு கேட்க வந்ததைக் கேட்டார். "1642 ஜனவரியில அரசர் ஆயுதக்காரங்களோட பாராளுமன்றத்துக்கு வந்தாரு. அந்த நாளைப் பத்தி அப்பவே அச்சடிச்சது ஏதாவது இருக்குமா?"

நான் எழுந்து 1642 என்ற இழுப்பறையைத் திறந்தேன். அந்த ஆண்டில் ஏழு அட்டைகள். எதிலும் ஜனவரி இல்லை.

"இல்லை" என்றேன்.

"நிச்சயமாவா?"

"நான்தான் எல்லாத்துக்கும் அட்டை எழுதினனான். இருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நன்றி சொன்னார். வாசகர் சீட்டில் பெயரும் நகரின் தெற்கே ஒடாஹுஹுவில் ஒரு முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படியில் இறங்கும்போது ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். அப்போதாவது கூப்பிட்டு, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இல்லை என்ற சொல்லைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, பிள்ளைகளே. வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பத்து நாள் கழித்து, எந்தப் பெயர் எந்தப் பிரசுரத்தில் வருகிறது என்று காட்டும் சுட்டி ஒன்று தயாரிப்பதற்காகத் தொகுதியை மறுபடி எடுத்தேன். ஒரு பிரசுரம் 1641 ஜனவரி என்று தேதியிட்டிருந்தது. அது இன்னொரு பிரசுரத்துக்குப் பதில். அந்த இன்னொன்றின் தேதியைப் பார்த்தால் 1641 டிசம்பர். கேள்வி பிறப்பதற்குப் பதினொரு மாதம் முன்பே பதில் பிறந்திருந்தது.

முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகுதான் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு ஜனவரி முதலாம் தேதி பிறப்பதில்லை. மார்ச் இருபத்தைந்தில்தான் பிறக்கும். அதனால் டிசம்பர் 1641க்கு அடுத்து வருவது ஜனவரி 1641. நாம் இன்று 1642 ஜனவரி என்று சொல்வதை அவர்கள் 1641 ஜனவரி என்று அச்சடித்தார்கள். வரலாறு படிப்பித்தவள் நான். தாளில் கண்ட எண்ணை அப்படியே அட்டையில் எழுதியிருந்தேன்.

1641 இழுப்பறையைத் திறந்தேன். கோவிந்தன் கேட்டது அங்கே இருந்தது. ஜனவரி நாலாம் தேதி அவைக்குள் வந்து நின்று அரசர் பேசிய பேச்சு. சின்னஞ்சிறு பிரசுரம்.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அட்டைகளைத் திருத்திவிடுகிறேன், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றேன். அவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னாய்?"

"ஒருவருக்கு."

"அப்படியானால் முதலில் அவர். அட்டைகள் எங்கேயும் போய்விடாது."

அன்றே கடிதம் எழுதினேன். நூலக முத்திரை போட்ட நீள உறை, தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதம். உங்கள் என்குவரி, அதாவது நீங்கள் கேட்ட கேள்வி, தொடர்பாகத் தயவுசெய்து நேரில் வரவும் என்று இரண்டே வரி. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. அவர் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஒடாஹுஹுவுக்குப் பஸ் ஏறினேன். பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மர வீடு. கதவைப் பாதி திறந்த மனிதர், நான் கோவிந்தனின் பெயரைச் சொன்னதுமே, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குப் பின்னால், நடையில் கொக்கியில் தொங்கிய அந்தக் கசங்கிய கோட்டை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கதவு இன்னும் கொஞ்சம் மூடியது.

என்ன செய்வது? கோட்டைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். அது பொய் சொன்னவரைப் பிடித்துக் கொடுத்த மாதிரி இருந்திருக்கும். நான் ஒரு அடி பின்னால் போய், உள்ளே கேட்கும்படி தமிழில் உரக்கச் சொன்னேன். "நான் லைப்ரரியில வேலை செய்யிறனான். அவர் கேட்ட புத்தகம் இருக்குது. பிழை என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தனான். வேற ஒண்டும் இல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை கோவிந்தன் வந்தார்.

"மன்னிக்கணும் மேடம். கதவைத் திறந்தவர் என் மச்சான். அந்த நீளக் கவரு, முத்திரை, என்குவரின்னு ஒரு வார்த்தை. விசா விஷயம் இன்னும் முடியல. யாரோ என்னைப் பத்தி விசாரிக்கறாங்கன்னு வீட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே மூன்று வருடத்துக்கு முன்பு அப்படிப்பட்ட உறைகளைத் திறக்கப் பயந்தவள்தானே. ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோயிற்று.

பிரசுரத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அவர் ஒரு மணி நேரம் வைத்திருந்தார். பிறகு கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"இதை யார் எழுதி எடுத்தாங்க? அரசர் எழுதிவச்சு வாசிச்ச மாதிரி இல்ல. பேசப் பேச யாரோ எடுத்திருக்காங்க. நடுவுல நிறுத்தறாரு, சுத்திப் பாக்கறாரு. அது எழுத்துல தெரியுது."

என் வாழ்நாளில் அப்படி வாசித்த ஒருவரை நான் கண்டதில்லை. எனக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. அன்று பிற்பகல் முழுக்கத் தேடினேன். அவையின் துணை எழுத்தர் ஒருவர் அந்த நாளைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பு, பல பத்தாண்டுகள் கழித்து வெளியான ஒரு பெரிய தொகுதியில் இருந்தது. கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

அரசர் ஐந்து உறுப்பினரைப் பிடிக்க வந்தார். அவர்கள் முன்பே நழுவிவிட்டிருந்தார்கள். அரசர் பேசினார். எல்லாரும் விறைத்து நிற்க, மேசையில் உட்கார்ந்திருந்த துணை எழுத்தர் சுருக்கெழுத்தில் அதைக் குறித்துக்கொண்டிருந்தார். அரசர் அதைக் கவனித்துவிட்டார். அன்று மாலை ஆள் அனுப்பி எழுத்தரை அழைத்து, குறிப்பைக் கேட்டார். எழுத்தர் தயங்கினார். அவையில் பேசியதை அரசரிடம் சொன்ன ஒரு உறுப்பினர் முன்பு சிறைக்குப் போனதை நினைவூட்டினார். உறுப்பினர்கள் பேசியதை நான் உன்னிடம் கேட்கவில்லை, நான் பேசியதை மட்டும் கொடு என்றார் அரசர். எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து அரசரின் சொற்களை மட்டும் படியெடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே அது அச்சுக்குப் போனது. அதுதான் எங்கள் மேசைமேல் கிடந்தது.

கோவிந்தன் பிரசுரத்தை மெதுவாக மூடினார். பிறகு தன் வலது கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் பிஜியில, சுவாவுல, பாராளுமன்றத்துல சுருக்கெழுத்து எடுக்கறவன். மே மாசம் சிப்பாய்ங்க உள்ள வந்தப்போ என் முறை."

அந்த வருடம் மே மாதம் பிஜியில் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்ததை நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அந்த அவைக்குள் இருந்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறாங்க. நான் எழுதிட்டே இருக்கேன். பக்கத்துல ஒருத்தர், என்னய்யா எழுதறேன்னு கேட்டாரு. கை நிக்கல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் பார்த்தேன், நோட்டு என் சட்டைக்குள்ள இருக்கு. எப்படி வச்சேன்னே தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "எழுந்து நிக்காம எழுதிட்டு இருந்தேனேன்னு ராத்திரி பகலா அதே நினைப்பு. நமக்கு முன்னாடி எவனாவது இப்படிச் செஞ்சிருக்கானா, அவன் என்ன ஆனான், அதைத்தான் தேடினேன்."

அதைத்தான் நான் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் நோட்டைக் கொண்டுவந்தார். ரொட்டிப் பையில் சுற்றியிருந்தது. அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் இன்னும் சுவாவில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதும் வந்துவிடும், எரித்துவிடு என்று மச்சான் நச்சரித்தாராம். எரிக்க மனம் வரவில்லை. "தங்கச்சி, இதை இங்க வச்சுக்க முடியுமா?" மேடம் என்பது எப்போது தங்கச்சி ஆனது என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அவரை அண்ணை என்றுதான் வந்தது.

நான் ஓம் என்று சொல்லிவிடப் பார்த்தேன். ஆனால் ஒருமுறை அவசரமாகச் சொல்லிப் பட்டது போதும் என்று தோன்றியது. பொறுப்பாளரை அழைத்தேன்.

அவர் நோட்டைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்தார்.

"இது உங்களுடையதா?"

கோவிந்தன் இதை எதிர்பார்க்கவில்லை. "நோட்டு ஆபீஸ் கொடுத்தது. எழுத்து என்னுடையது."

"அலுவலகம் யாருடையது?"

"பாராளுமன்றத்துடையது."

"அந்தப் பாராளுமன்றம் இப்போது எங்கே?"

கோவிந்தன் நோட்டைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். முந்நூற்றைம்பது வருடத்துப் பிரசுரங்களில் நான் வேடிக்கையாக வாசித்த சண்டை, ரொட்டிப் பைக்குள் இருந்த ஒரு நோட்டாக மேசைமேல் கிடந்தது. நாற்காலிகளில் ஆள் இல்லாதபோது பாராளுமன்றம் எங்கே இருக்கிறது? அதன் பொருளுக்கு யார் சொந்தக்காரர்? பிஜியில் இங்கிலாந்து மகாராணியின் பிரதிநிதியாக ஒரு ஆளுநர் இருந்தார். அவரிடம் கொடுப்பதா? துப்பாக்கியோடு வந்து நின்றவர்களிடம் கொடுப்பதா?

பொறுப்பாளர் ஜன்னலைப் பார்த்து யோசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "உங்களுடையது இல்லையென்றால் நீங்கள் எங்களுக்குக் கொடுக்க முடியாது. நாங்கள் வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஆனால் உரியவர் வரும்வரை பார்த்துக்கொள்ளலாம். மழையில் யாரோ விட்டுப்போன குடையைப் பார்த்துக்கொள்வதில்லையா?"

பாதுகாப்பு அறைக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் எழுதாமல் ஒரு தாள்கூட உள்ளே போகக் கூடாது. எழுதினால் கோவிந்தனின் பெயர் அங்கே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பொய் எழுத நான் தயாராகத்தான் இருந்தேன். அதை முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார் பொறுப்பாளர்.

"பொய் வேண்டாம். பதிவேட்டில் என்ன கேட்டிருக்கிறது, வாசி."

வாசித்தேன். பொருள் என்ன, உரியவர் யார், அறைக்குக் கொண்டுவந்தவர் யார்.

"அறைக்கு யார் கொண்டுபோகப் போவது?"

"நான்."

"அதை எழுது."

குறிப்பேடு ஒன்று, உரியவர் பின்னர் அறியப்படுவார், கொண்டுவந்தவர் நான். மூன்றும் உண்மை. கையெழுத்துப் போடும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகாத வருடம் அது. யாராவது அதைத் தேடி வந்தால் முதலில் என் பெயரைத்தான் காண்பார்கள். பொறுப்பாளர் என் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். அதற்கான இடமே அந்தப் பக்கத்தில் இல்லை. ஓரத்தில் எழுதினார்.

இன்று நீங்கள் இப்படிச் செய்தால் சரியாக இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது இதற்கெல்லாம் படிவங்கள் இருக்கின்றன, கேட்டுச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த அறையில் மூன்று பேர் அவசரத்தில் இருந்தோம் என்று நினைத்திருந்தேன். அவசரத்தில் இருந்தது இரண்டு பேர். மூன்றாமவர் கேள்வியை முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. முதல் நாள் கோவிந்தன் அண்ணை மேசைக்கு வந்தபோது நானும் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாரும் தேடி வரவில்லை. இரண்டு வருடம் நோட்டு உள்ளேயே இருந்தது. 1989இல் அவருடைய குடும்பத்துக்கு விசா கிடைத்தது. வந்து மூன்றாவது வாரம், மனைவியை அழைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். அந்த அம்மா சுவாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். நோட்டைப் படியெடுக்க வேண்டும், அவருடைய சுருக்கெழுத்துக் கோடுகளை அவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது, காலம் போனால் அவராலும் முடியாது என்றார்கள். வாசிப்பு அறையில் சத்தம் போடக் கூடாது. பொறுப்பாளர் தன் அறையையே ஒழித்துக் கொடுத்தார். நோட்டு கண்ணைவிட்டுப் போகக் கூடாது என்பது விதி, அதனால் நான் கூட இருந்தேன்.

அவர்கள் வீட்டில் பேசுவது பிஜி இந்தி. நான் இருக்கிறேன் என்பதற்காக அன்று இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு கோடாகப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்வார். அவர் மனைவி தட்டுவார். சாதாரணப் பேச்சுத்தான். கேள்விகள், பதில்கள், அவை ஒழுங்கு பற்றிய ஆட்சேபம் ஒன்று. பிறகு ஒரு பக்கத்தில் அவர் குரல் மெதுவானது. யாரோ பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்த வரியை அவர் வாசிக்கவில்லை.

அந்த அம்மா விரல்களை விசைகள்மேல் வைத்தபடி காத்திருந்தார். "அங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"பேச்சு இல்ல. நாற்காலிங்க நகர்ற சத்தம். எல்லாரும் எழுந்திருக்கறாங்க. என்ன எழுதறதுன்னு தெரியாம அதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கேன்."

"அதையும் போடட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அதைத் தீர்மானிப்பது என் வேலையில்லை. மறுபடி குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"போடு" என்றார். "எத்தனை தடவை எழுதியிருக்கேனோ, அத்தனை தடவையும் போடு."